தலீப் சிங் சௌந்த்: வாக்குரிமைக்குக் காத்திருந்த மக்கள் பிரதிநிதி

நிழலின் அருமையை வெயிலில் நின்றவரே அறிவர். வாக்குரிமையின் அருமையும் அத்தகையதே. பதினெட்டு வயது நிரம்பியதும் வாக்களிக்கும் தகுதி தானே வந்து சேரும் நாட்டில் பிறந்த நமக்கு, அது காற்றைப் போல் கேளாமலே கிடைத்துவிட்டது. அதனால்தான் தேர்தல் நாளை ஓய்வு நாளாக்கி வீட்டில் இருந்துவிடுவோரும், எந்தக் கட்சி வந்தால் நமக்கென்ன என்று சலித்துக்கொள்வோரும் நம்மிடையே காணப்படுகின்றனர். அயல்நாடொன்றில் ஒரு வாக்கைப் பெறுவதற்கு இருபத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்து, பெற்ற ஏழே ஆண்டுகளில் அந்நாட்டின் சட்டமன்றப் பேரவையிலேயே இடம்பெற்ற ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வழியே மாணவச் செல்வங்களின் முன் வைக்க விழைகின்றோம். அவர் பெயர் தலீப் சிங் சௌந்த்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டமியற்றும் பேரவைக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் நாட்டுக் காங்கிரஸ் கட்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது செனட் சபை, பிரதிநிதிகள் சபை என்னும் ஈரவைகளைக் கொண்டது. பிரதிநிதிகள் சபையின் 435 உறுப்பினர்களும் ஈராண்டுக்கு ஒருமுறை மக்களைச் சந்தித்து மீண்டும் வாக்குப் பெறவேண்டும். அச்சபையில் வாக்களிக்கும் உரிமையுள்ள உறுப்பினராக அமர்ந்த முதல் ஆசியர் சௌந்த். முதல் இந்தியரும், முதல் சீக்கியரும் அவரே.

பிறப்பும் கல்வியும்

பஞ்சாபில் அமிர்தசரசு நகரை அடுத்த சஜ்ஜல்வாடி என்னும் சிற்றூரில் 1899 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20 ஆம் நாள் சௌந்த் பிறந்தார். உழவும் ஒப்பந்தத் தொழிலும் அக்குடும்பத்தின் வருவாய்க்கு வழியாயின. தந்தையார் பள்ளிக்கூடத்தை அறியாதவர். ஆயினும், கல்லாமையின் இழப்பைத் தம் வாழ்வில் உணர்ந்த அவர், ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமையவேண்டும் என்பதில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். கல்லாத தந்தையர் கட்டிய கல்விக்கூடங்களில் பயின்று உயர்ந்த தலைமுறைகளை நம் சமுதாயமும் கண்டிருக்கின்றது. எனவே இச்செய்தி நமக்குப் புதிதன்று.

பாபா பகாலாவில் விடுதிப் பள்ளியிலும், சம்முவில் வேல்சு இளவரசர் கல்லூரியிலும் சௌந்த் பயின்றார். 1919 ஆம் ஆண்டு பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் இளங்கலைப் பட்டம் பெற்றார். அவர் பிறந்த மாவட்டத்தின் தலைநகரான அமிர்தசரசில் சாலியன்வாலா பாக் படுகொலை நிகழ்ந்ததும் அதே ஆண்டில்தான். காந்தியடிகளின் இயக்கம் அவர் உள்ளத்தை ஈர்த்தது. மற்றொரு புறம், ஆபிரகாம் இலிங்கனின் எழுத்துகள் கடல் கடந்த ஒரு நாட்டின்பால் அவரை இழுத்தன.

1920 இல் இங்கிலாந்து வழியாகப் பயணம் செய்து அமெரிக்கா சேர்ந்தார். 1917 ஆம் ஆண்டுச் சட்டம் ஆசியத் தொழிலாளர்க்குக் கதவை அடைத்திருந்தது. மாணவர்க்கு மட்டும் ஒரு சிறுவழி விட்டிருந்தது. அவ்வழியே நுழைந்த சௌந்தின் நோக்கம் உணவுப் பொருள்களைப் பதப்படுத்தும் தொழிலைக் கற்று ஊர் திரும்புவதே. பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஸ்டாக்டன் நகரின் சீக்கியர் கோயிலார் இந்திய மாணவர்களுக்காக அங்கு நடத்திவந்த இல்லம் அவருக்குத் தங்குமிடம் தந்தது. விடுமுறைகளில் பழங்களை டப்பாக்களில் அடைக்கும் ஆலைகளில் கூலி வேலை செய்தார். நாளடைவில் கணிதத்தின் மீதிருந்த பழைய காதலே வென்றது. 1922 இல் முதுகலைப் பட்டத்தையும், 1924 இல் முனைவர் பட்டத்தையும் கணிதத்தில் பெற்றார்.

கதவடைத்த தீர்ப்பு

கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவருக்குக் கல்லூரி ஆசிரியப் பணி கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. காரணம் அவர் தகுதியில் இல்லை. அந்நாட்டுச் சட்டத்தில் இருந்தது.

அயல்நாட்டார் அமெரிக்கக் குடியுரிமை பெறுவதை ஒழுங்குபடுத்திய 1790 ஆம் ஆண்டுச் சட்டம், சுதந்தரமான வெள்ளையர்க்கு மட்டுமே அவ்வுரிமையை வழங்கிற்று. 1870 இல் ஆப்பிரிக்க இனத்தவரும் சேர்க்கப்பட்டனர். இவ்விரு பிரிவிலும் இந்தியர் எங்கே நிற்பர் என்ற வினா நெடுங்காலம் தெளிவின்றிக் கிடந்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திந்த் என்னும் பஞ்சாபியரின் வழக்கில் 1923 ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. இனநூலார் எவ்வாறு வகுத்தாலும், சாதாரண மக்கள் வழக்கில் வெள்ளையர் என்னும் சொல் இந்தியரைக் குறிக்காது என்பது அத்தீர்ப்பின் சாரம். முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்து அது பறிக்கப்படுவதற்கும் இத்தீர்ப்பு வழி செய்தது.

இந்து, முசுலிம், சீக்கியர் என்ற வேறுபாடு எதனையும் அத்தீர்ப்பு பார்க்கவில்லை. அந்நாளில் கலிபோர்னியாவின் பொதுமக்கள் வழக்கில் இந்தியாவிலிருந்து வந்த அனைவருமே இந்துக்கள் என்றே அழைக்கப்பட்டனர். பஞ்சாபிலிருந்து சென்ற முசுலிம் உழவரும் சீக்கிய உழவரும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டு, ஒரே கதவுக்கு வெளியே ஒன்றாய் நின்றனர். உரிமை மறுக்கப்படும் இடத்தில் உள்வேற்றுமைகள் எத்துணைச் சிறியவை ஆகிவிடுகின்றன என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகின்றது.

வயலும் கடனும்

ஆசிரியப் பணி கிட்டாத சௌந்த், 1925 இல் தென்கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்குக்குச் சென்றார். கடல் மட்டத்திற்கும் தாழ்ந்த பாலைநிலம் அது. கொலராடோ ஆற்று நீரைக் கால்வாய் வெட்டிக் கொணர்ந்து விளைநிலமாக்கியிருந்தனர். பஞ்சாபியர் பலர் அங்கு உழைத்துவந்தனர். கணித முனைவர், பருத்தி எடுக்கும் கூலியாட்களுக்கு மேற்பார்வையாளர் ஆனார். பின்னர் வெஸ்ட்மோர்லண்டு என்னும் சிற்றூரை இருப்பிடமாகக் கொண்டு கீரை வகையான லெட்டூஸ் முதலிய பயிர்களை விளைவித்தார்.

அங்கும் சட்டம் குறுக்கே நின்றது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் நிலம் வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ கலிபோர்னிய மாநிலச் சட்டம் தடை விதித்திருந்தது. எனவே பிறர் பெயரில் குத்தகை எழுதி, அவர் நேர்மையை நம்பியே உழவு செய்ய வேண்டியிருந்தது. 1928 இல் மரியன் கோசா என்னும் அமெரிக்கப் பெண்ணை மணந்தார். குடியுரிமை பெறத் தகுதியற்ற ஒருவரை மணக்கும் பெண் தன் குடியுரிமையையும் இழக்கவேண்டும் என்பது அந்நாளைய விதி. கணவர் பெறாததை மனைவியும் இழந்தார். 1931 இல்தான் அவ்விதி நீக்கப்பட்டது. இவ்விணையர்க்கு ஒரு மகனும் இரு பெண்மக்களும் பிறந்தனர்.

வயலில் உழைத்த நாள்களிலும் அவர் எழுதுகோலை மறக்கவில்லை. இந்திய மக்களை இழித்துரைத்துக் காதரின் மேயோ என்னும் அமெரிக்கப் பெண்மணி 1927 இல் வெளியிட்ட நூலுக்கு மறுப்பாக, ஸ்டாக்டன் சீக்கியப் பெருமக்களின் வேண்டுகோளை ஏற்று, என் தாய் இந்தியா என்னும் பொருள்படும் நூலை 1930 இல் எழுதி வெளியிட்டார். இந்திய விடுதலைக்காக ஊர்தோறும் மேடைகளில் பேசினார். பிற்காலத்தில் தேர்தல் களத்தில் அவருக்குத் துணை நின்ற சொல்வன்மை இம்மேடைகளில் வளர்ந்ததே.

1930 களின் பொருளாதாரப் பெருமந்தம் உழவரை வீழ்த்திற்று. விளைபொருளுக்கு விலையில்லை. சௌந்தும் பெருங்கடனில் மூழ்கினார். நொடித்துப்போனதாக நீதிமன்றத்தில் அறிவித்துக் கடன்களிலிருந்து விடுபடச் சட்டம் இடமளித்தது. பலர் அவ்வாறே செய்தனர். சௌந்த் அதற்கு இசையவில்லை. பல ஆண்டுகள் உழைத்துக் கடனை அடைத்தார்.

கடன்பட்டு இறந்தவரின் சனாசாத் தொழுகைக்கு முன், அக்கடனுக்குப் பொறுப்பேற்பவர் உளரா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வினவிய செய்தியை அறிந்தோர் நம்மிடையே பலர். அவர்கள் இந்நிகழ்ச்சியின் அருமையை நன்கு உணர்வர். சட்டம் விடுவித்தாலும் மனச்சான்று விடுவிப்பதில்லை என்று வாழ்ந்த இவ்வுழவரை அக்கம்பக்கத்தார் அறிந்திருந்தனர். பின்னாளில் அவர் வாக்குக் கேட்டு வந்தபோது, அவருடைய கட்சியை விரும்பாத உழவர் சிலரும் அவரை நம்பியதற்கு இந்த அறிமுகமே அடிப்படை என்று நாம் கருதுகின்றோம்.

சட்டத்தை மாற்றிய முயற்சி

மூடிய கதவின் முன் அழுதுகொண்டிருப்பதால் பயனில்லை; கதவைத் திறக்கும் அதிகாரம் உடையோரிடம் செல்லவேண்டும். 1940 களில் அமெரிக்க வாழ் இந்தியர் இவ்வழியில் இறங்கினர். கிழக்குக் கரையில் ஜே. ஜே. சிங் என்னும் வணிகரும், அரிசோனாவில் உழவராய் இருந்த முபாரக் அலி கான் என்னும் முசுலிம் பெருமகனாரும் தத்தம் அமைப்புகளின் வாயிலாகத் தலைநகர் வாசிங்டனில் உறுப்பினர்களை அணுகினர். கலிபோர்னியாவில் சௌந்த் இந்தியர் சங்கம் ஒன்றை அமைத்து, அதன் தலைவராக இருந்து, உழவர்களிடம் பொருள் திரட்டி இம்முயற்சிக்குத் துணை நின்றார். இவ்வமைப்புகளிடையே கருத்து வேறுபாடுகள் இருந்தபோதிலும் குறிக்கோள் ஒன்றாகவே இருந்தது.

குடியரசுக் கட்சியின் கிளேர் பூத் லூஸ் அம்மையாரும், சனநாயகக் கட்சியின் இமானுவேல் செல்லரும் கொணர்ந்த சட்டமுன்வரைவு நிறைவேறியது. 1946 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2 ஆம் நாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அதில் ஒப்பமிட்டார். ஆண்டுக்கு நூறு இந்தியர் குடியேறலாம். முன்பே குடியேறியோர் குடியுரிமை பெறலாம் என்றாயிற்று. நூறு என்பது சிறிய எண்தான். ஆயினும் அடைபட்ட கதவு திறந்துவிட்டது. 1949 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 16 ஆம் நாள் சௌந்த் அமெரிக்கக் குடிமகனானார். அப்போது அவருக்கு வயது ஐம்பது.

வென்றும் கிட்டாத பதவி

ஐம்பது வயதில் பலர் ஓய்வை எண்ணத் தொடங்குவர். சௌந்த் தொடங்கியது பொதுவாழ்வை. சனநாயகக் கட்சியின் மாவட்டக் குழுவில் இடம்பெற்றார். 1950 இல் வெஸ்ட்மோர்லண்டு ஊர் நீதிமன்ற நீதிபதிப் பதவிக்குப் போட்டியிட்டார். சிறு வழக்குகளை விசாரிக்கும் அப்பதவிக்கு மக்களே வாக்களித்து ஆளைத் தெரிவு செய்தனர். சௌந்த் வென்றார். ஆனால், தேர்தல் நாளில் குடியுரிமை பெற்று ஓராண்டு நிறைவுறவில்லை என்று காட்டிப் பதவி மறுக்கப்பட்டது.

அவர் சினந்து ஒதுங்கவில்லை. 1952 இல் மீண்டும் நின்று மீண்டும் வென்றார். அத்தேர்தலின்போது கடையொன்றில் ஒருவர், நீர் நீதிபதியானால் நாங்கள் எல்லோரும் தலைப்பாகை கட்ட வேண்டுமோ என்னும் பொருள்படக் கேலி செய்தார். தலைக்கு மேல் என்ன இருக்கின்றது என்பது தமக்கு முக்கியமன்று, தலைக்குள் என்ன இருக்கின்றது என்பதே முக்கியம் என்று பொருள்பட விடையிறுத்து, கேட்டவரையே சிரிக்கவைத்தார். நீதிபதியாக அமர்ந்தபின் ஊரில் மலிந்திருந்த சூதாட்டத்தையும் ஒழுக்கக்கேட்டையும் ஒடுக்குவதில் உறுதி காட்டினார். லெட்டூஸ் விளைத்தல் போய் இரசாயன உர வணிகம் அப்போது அவர் பிழைப்புக்கு வழியாயிற்று.

1956 ஆம் ஆண்டுத் தேர்தல்

ரிவர்சைடு, இம்பீரியல் என்னும் இரு மாவட்டங்களை உள்ளடக்கியது கலிபோர்னியாவின் 29 ஆம் தொகுதி. அங்கே உறுப்பினராயிருந்த குடியரசுக் கட்சிக்காரர் ஓய்வு பெற எண்ணியதால் இடம் காலியாகும் நிலை ஏற்பட்டது. சௌந்த் போட்டியிட முன்வந்தார்.

முதல் தடை தம் கட்சிக்குள்ளிருந்தே வந்தது. அமெரிக்கக் கட்சிகளில் வேட்பாளரைத் தலைமை நியமிப்பதில்லை. முதனிலைத் தேர்தலில் கட்சி வாக்காளர்களே தெரிவு செய்கின்றனர். அதில் எதிர்த்து நின்றவர், சௌந்துக்குச் சட்டப்படி தகுதியில்லை என்று நீதிமன்றம் ஏறினார். பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஏழாண்டுகள் குடிமகனாய் இருந்திருத்தல் வேண்டும் என்பது அரசியல் சட்டம். பதவியேற்கும் 1957 சனவரியில் சௌந்துக்கு ஏழாண்டுகள் நிறைந்துவிடும். வழக்கு நிற்கவில்லை. முதனிலைத் தேர்தலில் அவரே வென்றார்.

பொதுத்தேர்தலில் எதிர்நின்றவர் உலகப் புகழ் பெற்ற வானோடி ஜாக்குலின் காக்ரன். ஒலியின் வேகத்தைக் கடந்து பறந்த முதல் பெண்மணி அவர். அவருடைய கணவர் பெருஞ்செல்வர். குடியரசுத் தலைவர் ஐசனோவரோடு நட்புடையவர். தம் விமானத்தைத் தாமே ஓட்டித் தொகுதியெங்கும் வாக்குத் திரட்டினார். மறுபுறத்தில் நின்றவர் ஆசியாவில் பிறந்த உழவர். செல்வமில்லை, குடும்பப் பெயரின் புகழுமில்லை. எதிர்த்தரப்புப் பரப்புரையில் அவர் பிறப்பும் அயன்மையும் பேசப்பட்டன.

சௌந்தின் படை அவர் குடும்பமும் நண்பர்களுமே. மனைவியும் மக்களும் வீடுவீடாகச் சென்றனர். பட்டியலில் பெயர் இல்லாதோரைத் தேடிப் பதிவு செய்வித்தனர். வாக்குக்காகக் காத்திருந்தவர் குடும்பம் பிறர் வாக்கைப் பதிவு செய்வதிலிருந்தே தேர்தல் பணியைத் தொடங்கியது பொருத்தமானதே. மேடைகளில் அவர் பேசியவை பெரும்பாலும் உள்ளூர்ச் செய்திகள்: உழவர் விளைபொருளுக்குக் கட்டுப்படியான விலை, பாசன நீர், சிறு வணிகர் நலன். இவற்றோடு ஒரு வாக்குறுதியும் தந்தார். தாம் வென்றால் இந்தியாவுக்கும் பிற ஆசிய நாடுகளுக்கும் சென்று, அமெரிக்க மக்களாட்சி உண்மையானது என்பதற்குத் தம்மையே சான்றாகக் காட்டுவதாக உறுதி கூறினார்.

1956 நவம்பர் 6 ஆம் நாள் தேர்தல் நடந்தது. அதே நாளில், அதே வாக்குச் சீட்டில், குடியரசுக் கட்சியின் ஐசனோவர் நாடெங்கும் பெருவெற்றி பெற்றார். கலிபோர்னியாவும் அவர் பக்கமே நின்றது. அந்த அலையிலும் சனநாயகக் கட்சியின் சௌந்த் ஏறத்தாழ 3,300 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். குடியரசுத் தலைவருக்கு ஒரு கட்சியையும், தம் தொகுதிக்கு மற்றொரு கட்சியின் சௌந்தையும் தெரிவு செய்தோர் பலர் இருந்திருந்தாலன்றி இது கைகூடியிராது. பெரும்பான்மையோர் வாழும் தொகுதியில் சிறுபான்மையினரான ஒருவர் வெல்ல முடியும் என்பதற்கும், அவ்வெற்றி அண்டை அயலார் நம்பிக்கையில் வேர்கொண்டது என்பதற்கும் இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

அவையில் ஆற்றிய பணி

1957 சனவரித் திங்களில் பதவியேற்ற சௌந்துக்கு, புதிய உறுப்பினர்க்கு எளிதில் கிட்டாத அயலுறவுக் குழுவில் இடம் அளிக்கப்பட்டது. அதே ஆண்டில் குடிமை உரிமைகள் சட்டம் ஒன்று அவை முன் வந்தது. கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் நோக்குடைய அச்சட்டம், 1875 ஆம் ஆண்டிற்குப் பின் அத்துறையில் நிறைவேறிய முதல் சட்டமாகும். சௌந்த் அதனை ஆதரித்தார். வாக்கின்றி வாழ்ந்தவர், தெற்கு மாநிலங்களில் வாக்கு மறுக்கப்பட்டோர்க்காகத் தம் வாக்கை அளித்தார்.

அயல்நாட்டு உதவி பற்றி அவர் கொண்ட கருத்து தெளிவானது. படைக்கலன்களாகவும், ஆட்சியாளர் கைக்குச் சேரும் பெருந்தொகைகளாகவும் செல்லும் உதவி ஏழை மக்களைச் சென்றடைவதில்லை. சிற்றூர் மக்களின் உழவுக்கும் கல்விக்கும் நலவாழ்வுக்கும் செல்லும் உதவியே நட்பை வளர்க்கும் என்பது அவர் நிலை. பொதுவுடைமை நாடுகளின் செல்வாக்கைத் தடுக்கவும் இதுவே நல்வழி என்று அவர் எண்ணினார். 1961 இல் குடியரசுத் தலைவர் கென்னடி, வளர்ச்சிக் கடன்களுக்காக ஐந்தாண்டுக்குச் சேர்த்துக் கருவூலத்திலிருந்து பணம் எடுக்கும் அதிகாரம் கேட்டார். கென்னடி தம் கட்சித் தலைவரே ஆயினும், மக்கள் பணத்தை ஆண்டுதோறும் மக்கள் மன்றமே ஆராய்ந்து வழங்கவேண்டும் என்று சௌந்த் திருத்தம் கொணர்ந்தார். குறைந்த வேறுபாட்டில் அத்திருத்தம் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது.

தொகுதி மக்களை அவர் மறக்கவில்லை. தொகுதியிலும் அலுவலகம் நிறுவி, குறைகளைக் கேட்க வழி செய்தார். 1958 இல் ஏறத்தாழ 62 விழுக்காடும், 1960 இல் ஏறத்தாழ 57 விழுக்காடும் வாக்குகள் பெற்று இருமுறை மீண்டும் வென்றார். 1960 இல் தம் வரலாற்றை நூலாகவும் எழுதினார்.

தாயகப் பயணம்

தேர்தலில் தந்த வாக்கை 1957 ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவேற்றினார். குடும்பத்தாரோடு ஆசிய நாடுகள் பலவற்றுக்குச் சென்று இந்தியா வந்தார். முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் தாயக மண்ணை மிதித்தார். தலைநகரில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் உரையாற்றினார். பிறந்த ஊர் அவரைக் கொண்டாடியது.

ஆயினும் அப்பயணத்தின் நேரத்தை நாம் கருத வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில், அர்க்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர் ஒன்பது பேர் பள்ளிக்குள் செல்வதற்குப் படைவீரர்களின் காவல் தேவைப்பட்டது. அச்செய்தி உலகெங்கும் பரவியிருந்தது. அமெரிக்க மக்களாட்சிக்குத் தம்மைச் சான்றாகக் காட்ட வந்தவர் இந்நிழலின் நடுவில்தான் பேச வேண்டியிருந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தம்மையே வெளியே நிறுத்தியிருந்த நாட்டுக்காக அவர் வழக்காடினார். குறையைக் காட்டி நாட்டை வெறுப்பதினும், குறையைத் திருத்தும் வழி அந்நாட்டுச் சட்டத்திலேயே உண்டு என்று காட்டுவதே அவர் மேற்கொண்ட நெறி.

சீர்தூக்கிப் பார்த்தல்

ஒருவரைப் போற்றும்போது அவரிடம் எழும் வினாக்களை மறைப்பது நேர்மையாகாது. அவர் அவை உறுப்பினராயிருந்த காலப் படங்களில் தலைப்பாகையும் தாடியும் இல்லை. தம் சமய அடையாளத்தை அவர் விட்டுக்கொடுத்தார் என்று வருந்துவோர் உண்டு. தம் பிறப்பையும் பெயரையும் சமயத்தையும் அவர் ஒருபோதும் மறைக்கவில்லை என்பதும் உண்மை. அடையாளத்தை இழக்காமல் பொதுவாழ்வில் ஏற்றம் பெறுவது எவ்வாறு என்பது அவர் காலத்தில் கடினமான வினா. சிறுபான்மையினர்க்கு அது இன்றும் முற்றும் தீர்ந்துவிடவில்லை. நம் மாணவர் இவ்வினாவைத் தம்முள் எழுப்பிப் பார்த்தல் நன்று.

மெக்சிகோவிலிருந்து பருவகாலக் கூலியாட்களைக் கொணரும் திட்டத்தைத் தம் தொகுதி உழவர் நலன் கருதி அவர் ஆதரித்தார். அத்திட்டத்தில் கூலியாட்கள் சுரண்டப்படுகின்றனர் என்று குறை கூறியோர் அன்றே இருந்தனர். தாமே கூலிகளோடு வயலில் நின்றவர் இவ்விடத்தில் இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம் என்பது எம் கருத்து. தொகுதியின் விருப்பமும் மனச்சான்றின் குரலும் எப்போதும் ஒன்றாய் நிற்பதில்லை. மக்கள் பிரதிநிதியின் வாழ்வில் மிக அரிய சோதனை அதுவே.

பேச்சிழந்த இறுதி நாள்கள்

1962 ஆம் ஆண்டு மே முதல் நாள் வாசிங்டனுக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தில் சௌந்த் பக்கவாதத்தால் தாக்குண்டார். பேச இயலவில்லை, துணையின்றி நடக்கவும் இயலவில்லை. மேடைப் பேச்சால் உயர்ந்தவரின் நாவை இறைவன் நாட்டம் கட்டிவிட்டது. மருத்துவமனையில் கிடந்த நிலையிலேயே கட்சியினர் அவரை மீண்டும் வேட்பாளராக்கினர். அவருக்காகப் பிறர் வாக்குக் கேட்டனர். ஆனால் நவம்பர்த் தேர்தலில் குடியரசுக் கட்சியின் பேட்ரிக் மார்ட்டினிடம் தோல்வியுற்றார். பின்னர்ப் பதினோராண்டுகள் மனைவியின் பேணலில் வாழ்ந்து, 1973 ஏப்ரல் 22 ஆம் நாள் மறைந்தார்.

அவருக்குப் பின் அமெரிக்கக் காங்கிரசில் மற்றோர் இந்திய வழித்தோன்றல் இடம்பெற நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 2004 தேர்தலில் பாபி ஜின்டால் வென்றார். 2007 இல் சௌந்தின் உருவப்படம் அமெரிக்கப் பேரவைக் கட்டடத்தில் மாட்டப்பட்டது. நம் சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2016 இல் அதே பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவர் நடந்த பாதையில் முதல் அடி பதித்தவர் இம்பீரியல் பள்ளத்தாக்கின் இவ்வுழவரே.

நிறைவாக

சௌந்தின் வாழ்வில் மூன்று படிகளை நாம் காண்கின்றோம். கடனைத் தீர்த்து அண்டை அயலாரின் நம்பிக்கையைப் பெற்றது முதற்படி. பிற இந்தியரோடு கைகோத்து அநீதியான சட்டத்தை மாற்றியது இரண்டாம் படி. கிடைத்த உரிமையைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல் பொதுப்பணிக்கு ஈந்தது மூன்றாம் படி. முதற்படியைத் தாண்டாமல் மூன்றாம் படிக்குத் தாவ எண்ணுவோர் இன்று பெருகிவிட்டனர். தேர்தல் நாளில் மட்டும் மக்களைத் தேடுவோர் அவர்கள். மக்கள் அவர்களை அறியார்; எனவே பணத்தாலும் சினத்தாலும் வாக்கை நாடுகின்றனர்.

வாக்கு ஓர் அமானிதம். அளிப்போரிடமும் அது அமானிதம். பெற்றோரிடமும் அது அமானிதமே. அதற்காக இருபத்தொன்பது ஆண்டுகள் வாயிலில் நின்ற ஒருவர் அதனை அவ்வாறே கருதினார். கேளாமலே பெற்ற நாம் அதனை எவ்வாறு கருதுகின்றோம்? இம்மலரைப் படிக்கும் மாணவருள் முதன்முறையாக வாக்களிக்கப் போகின்றவர் பலர் இருப்பர். அந்நாளில் வாக்குச் சாவடி வரிசையில் வெயில் சற்றுக் கடுமையாயிருப்பினும், சௌந்த் நின்ற வரிசையின் நீளத்தை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக. அத்தகைய பொறுப்புணர்வை நம் இளைய தலைமுறைக்கு இறைவன் அருள்வானாக.